ஆசாரி தட்டுவதை நிறுத்தினால்

அன்புள்ள பெரியம்மாவுக்கு,

போனில் பேசினால் உங்களுக்கு இப்போது கேட்பதில்லை. வீடியோவில் கூப்பிட்டால் என் வாயையே பார்த்துச் சிரிக்கிறீர்கள். எழுத்து மட்டும் இன்னும் கண்ணுக்குத் தெரிகிறது என்று அக்கா சொன்னாள். அதனால் எழுதுகிறேன். ஊரறிய எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. “பால்மரம் வெட்டுனவளுக்கு என்னடா தெரியும்” என்று நீங்கள் சொன்னபோதெல்லாம் வீட்டில் யாரும் மறுத்துப் பேசியதில்லை. நானும் பேசியதில்லை. அது இத்தனை வருடமாக உறுத்துகிறது.

மெர்சிங்கிலிருந்து காஹாங் போகும் சாலைக்கு உள்ளே நம் தோட்டம். லயத்துக்குப் பின்னால் பால்மரம் என்று நாம் சொல்லும் ரப்பர் மரம், அதற்குப் பின்னால் காடு. விடியுமுன் வெட்டினால்தான் பால் நன்றாக ஓடும். வெயில் ஏறினால் இலை நீரை இழுத்துக்கொள்ளும், பட்டைக்குள் அழுத்தம் குறையும், பால் சீக்கிரம் நின்றுவிடும். இந்தக் காரணத்தை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், இருட்டில் உளியும் வாளியுமாக நீங்கள் இறங்கிப் போவதும், போகுமுன் வாசலில் ஒரு நிமிடம் சும்மா நிற்பதும்தான். சாமி கும்பிடுகிறீர்கள் என்று நினைத்திருந்தேன். ஆசாரி தட்டுகிறானா என்று கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறீர்கள்.

வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன்: ஆசாரி ஒரு பறவை. நூல்களில் பக்கி என்று எழுதுகிறார்கள். இரவில் செம்மண் பாதையில் தரையோடு தரையாகப் படுத்திருக்கும்; தலைவிளக்கு வெளிச்சம் பட்டால் கண் மட்டும் தணலாக மின்னும். குரல் டொக், டொக், டொக் என்று கொட்டாப்புளியால் மரத்தை அடிப்பது போல இருக்கும். அடுத்த தடவை எத்தனை தட்டு என்று காசு வைத்துப் பந்தயம் கட்டியவர்கள்கூட உண்டு. கிழக்கு வெளுத்தால் ஆசாரி ஓய்ந்துவிடுவான், குண்டுகரிச்சான் பாட ஆரம்பிக்கும். அதற்குள் பாதி நிரையாவது முடிந்திருக்க வேண்டும் என்பது உங்கள் கணக்கு.

1988 டிசம்பர் பள்ளி விடுமுறை. எனக்கு 11 வயது. நாலு நாள் அடைமழை விட்டு, மரம் காய்ந்த முதல் நாள். உங்கள் பின்னாலேயே பால் பிடிக்கும் மங்குகளைத் துடைத்துக்கொண்டு வந்தேன். நல்ல இருட்டு. ஆசாரி நடுவிலேயே நிறுத்திவிட்டான். கொஞ்ச நேரத்தில் ஒரு பக்கத்துச் சில்வண்டும் அடங்கியது. நீங்கள் விளக்கை அணைத்துவிட்டு என் தோளைப் பிடித்தீர்கள்.

“மூச்சு விடு. பேசாத.”

கிளை ஒடியும் சத்தம் வந்தது. பிறகு சாக்கை உதறுவது போலப் பட், பட் என்று. “காது வீசுறார். வீசுற வரைக்கும் நிம்மதியா தின்னுறார். நின்னுச்சுன்னா நம்மளக் கேக்குறார்னு அர்த்தம்.” நீங்கள் சொல்லி முடிக்கவும் அது நின்றது. அதன்பின் நான் எதையும் காதால் கேட்கவில்லை, ஆனால் நெஞ்சுக்குழி அதிர்ந்தது. என் சட்டையைப் பிடித்து வந்த வழியே ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்த்திக்கொண்டு போனீர்கள். திரும்பி ஓடவும் விடவில்லை, கத்தவும் விடவில்லை. லயத்துக்கு வந்து தண்ணீர் கொடுத்துவிட்டு, “நெஞ்சுல தப்பு அடிச்ச மாதிரி இருந்துச்சா?” என்று கேட்டீர்கள்.

பெரியம்மா, 1984-இல் அமெரிக்காவின் போர்ட்லண்ட் விலங்குக்காட்சி சாலையில் கேட்டி பெய்ன் என்ற ஆய்வாளர் ஆசிய யானைகளின் பக்கத்தில் நின்றபோது அதே போன்ற அதிர்வை உணர்ந்தார். பதிவு செய்து அளந்து பார்த்ததில் 14 முதல் 24 ஹெர்ட்ஸ் வரை வந்தது. மனிதக் காது ஏறத்தாழ 20-க்குக் கீழே கேட்காது. யானைகள் நம் செவிக்கு எட்டாமல் பேசிக்கொள்கின்றன என்று உலகத்துக்கு அப்படித்தான் தெரிய வந்தது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் கேள்விதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தது.

மறுநாள் போய்ப் பார்த்தோம். மங்குகள் மிதிபட்டுக் கிடந்தன. பெரிய தடங்களுக்கு நடுவில் சாப்பாட்டுத் தட்டு அளவில் ஒரு குட்டியின் தடம். முந்தின நாள் கூலி போன வருத்தத்திலும் அதன் பக்கத்தில் குந்தி, “பிள்ளைய வச்சிருந்திருக்கா, அதான் நின்னு கேட்டிருக்கா” என்றீர்கள். ‘அவர்’ அன்றைக்கு ‘அவள்’ ஆனார்.

இதெல்லாம் எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, பிரம்பு வெட்டிக் கொண்டுவரும் ஜக்கூன் பழங்குடிப் பாட்டியைச் சொன்னீர்கள். உங்கள் உடைந்த மலாயும் அவருடைய மலாயும் போதுமானதாக இருந்திருக்கிறது. காட்டுக்குள் நாய் குரைத்தால் நாய் என்று எண்ணாதே, அது கேளையாடு, எதையோ கண்டு பயந்திருக்கிறது என்று சொன்னவர் அவர்தான். புலியின் பெயரைக் காட்டில் சொல்லக் கூடாது என்றவரும் அவரே. அவருக்கும் இந்த மடலில் பாதி நன்றி சேரட்டும். அவருடைய மக்கள் இன்றும் என்டாவ் ஆற்றோரம் கம்போங் பேத்தாவில் இருக்கிறார்கள். 1993-இல் தேசியப் பூங்காவான அந்தக் காட்டை இன்று வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுபவர்களில் அவர்களும் உண்டு. ஆனால் கேளையாடு பயப்படுவதற்கான காரணம் அருகிவிட்டது. நாடு முழுக்க 150 புலிகள்கூட இல்லை என்று 2022-இல் அறிவித்தார்கள்.

வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில், பக்கத்தில் யானை நின்றால் நம் தமிழ்த் தொழிலாளர்களுக்குக் கைப்பேசியில் செய்தி போகிறது, மேட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. நல்ல ஏற்பாடு, உயிர்களைக் காத்திருக்கிறது. அதைப் படித்தபோது, அந்த விளக்கின் வேலையை நீங்கள் வாசல்படியில் நின்று செய்ததாக எனக்குப் பட்டது.

போன மாதம் மகளோடு 50-ஆம் எண் சாலையில் வந்தேன். ஓரத்தில் கூட்டமாக யானைகள். முன்னால் நின்ற கார்களில் ஹாரன், கைப்பேசி வெளிச்சம். நான் தள்ளி நிறுத்தி, எஞ்சினையும் விளக்கையும் அணைத்து, கண்ணாடியை இறக்கினேன். “எதுக்குப்பா?” என்றாள். “காது வீசுதான்னு கேளு” என்றேன். கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “வீசுதுப்பா” என்றாள். அதை உங்களிடம் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

வரும் சனிக்கிழமை அவளைக் கூட்டிக்கொண்டு மெர்சிங் வருகிறோம். தாமான் குடியிருப்பில் உங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள திடலில் இன்னும் ஆசாரி இருக்கிறான் என்று அக்கா சொல்கிறாள். அந்தி சாய்ந்ததும் பின்கட்டில் உட்காருவோம். உங்கள் உள்ளங்கையை அவளிடம் கொடுங்கள். அவன் எத்தனை தட்டு தட்டுகிறானோ, அத்தனையும் தட்டிக் காட்டுவாள்.

உங்கள் அன்பு மகன்