ரிச்சி தெருவின் இன்னொரு முகம்

சென்னை அண்ணா சாலையின் ஓரத்தில், சிந்தாதிரிப்பேட்டையை ஒட்டி அமைந்துள்ளது ரிச்சி தெரு. நரசிங்கபுரம் தெருவும், ஒரு காலத்தில் திரைப்பட விநியோகஸ்தர்களுக்குப் பெயர் பெற்றிருந்த மீரான் சாகிபு தெருவும் அதன் அண்டை. வானொலி உதிரிப் பாகங்களில் தொடங்கிய வணிகம் இன்று கணிப்பொறியில் வந்து நிற்கிறது.

வாங்கச் செல்லும் வாசகர்கள் இத்தெருவை நன்கறிவீர்கள். பழுதான பொருளை ஏந்திச் செல்பவர் காணும் தெருவோ வேறு. வாங்கிய அன்று தேநீர் வரவழைத்த அதே கடைக்காரர், "கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போங்க பாய்" என்று வழி காட்டுவார். அவர் சொல்வதிலும் ஓரளவு நியாயம் உண்டு. உத்தரவாதம் தருபவர் பெரும்பாலும் தயாரிப்பாளரே. ஆயினும், பழுதான பொருளை விற்றவர் சட்டத்தின் முன் முற்றிலும் கை கழுவிவிட முடியாது.

சேவை மையத்தில் முதலில் கேட்பது ரசீது. அடுத்துப் பார்ப்பது பாகத்தின் மேல் ஒட்டிய வரிசை எண். வாங்கும்போதே அவ்வெண்ணை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். தாய்ப்பலகையில் பிராசசர் அமரும் குழியை மூடிவரும் சிறு பிளாஸ்டிக் மூடியைக் குப்பையில் எறியாதீர்கள். அஃதின்றிக் கொண்டுசெல்லும் பலகையின் மெல்லிய ஊசிகள் வளைந்துபோகும். வளைந்த ஊசிக்கும் கருகிய பாகத்திற்கும் உத்தரவாதம் இல்லை.

மிகக் கடினமானது ஹார்டு டிஸ்க் விவகாரம். அங்கொரு மையத்தில் நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர் நின்றிருந்தார். உத்தரவாதம் முடிய இன்னும் பல மாதங்கள் இருந்தன. மாற்று வட்டு இலவசம். ஆனால் பழையதை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். "உள்ளே இருக்கிறது வராதாம்மா" என்றார் ஊழியர். உள்ளே இருந்ததோ, மறைந்த கணவர் வெளிநாட்டிலிருந்து பிள்ளைகளுக்குப் பேசி அனுப்பிய குரல் பதிவுகள். வெளியாரிடம் கொடுத்து வட்டைத் திறந்தால் உத்தரவாதம் போய்விடும். அப்பெண்மணி சற்று நேரம் யோசித்தார். பிறகு, "புதுசு வேண்டாம் தம்பி" என்று பழைய வட்டைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். உத்தரவாதம் வட்டுக்குத்தான், அதிலுள்ள எதற்கும் அல்ல என்பதை விற்கும்போது எவரும் சொல்வதில்லை. ஆதலால் அரிய பதிவுகளுக்கு இன்னொரு படி எடுத்து வேறிடத்தில் வையுங்கள்.

துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த பொருளாயின் இன்னும் கவனம் தேவை. சில மடிக்கணினிகளின் உத்தரவாதம் பல நாடுகளில் செல்லும். வேறு பல பொருள்களுக்கோ அது வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அனுப்புபவரிடம் பெட்டிக்குள் ரசீதையும் வைக்கச் சொல்லுங்கள்.

பொருளை ஒப்படைக்கும்போது தேதியும் பழுதின் விவரமும் எழுதிய சீட்டு பெறாமல் திரும்பாதீர்கள். "அடுத்த வாரம்" என்ற வாய்ச்சொல் மாதக்கணக்கில் நீள்வதுண்டு. அப்போது பேசுவது அச்சீட்டுதான். கடையும் நிறுவனமும் மாறி மாறிக் கை காட்டினால் இருவருக்கும் எழுத்து மூலம் முறையிடுங்கள். அதற்கும் அசையாவிடில், 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்து ஆணையத்திலேயே இரண்டாண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கலாம். கீழக்கரையிலோ காயல்பட்டினத்திலோ வாழ்பவர் இதற்காகச் சென்னைக்கு அலைய வேண்டியதில்லை. பொருளுக்குச் செலுத்திய விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. அதற்கு முன்பாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள், தமிழிலேயே பேசலாம்.