பாகியன் புறப்பட்ட ஊர்

இலங்கைச் சரித்திரம் படிப்பிக்கும் ஆசிரியர் எவரும் பாகியனைத் தவிர்த்துச் செல்ல முடியாது. கி.பி. 399ஆம் ஆண்டிலே சீனத்துச் சாங்கான் நகரிலிருந்து புறப்பட்டு, பாலைவனமும் பனிமலையும் கடந்து பாரதத்தை அடைந்து, பின்னர் கப்பலேறி அநுராதபுரத்துக்கு வந்து இரண்டு ஆண்டுகள் தங்கிய பௌத்த துறவி அவர். எமது வகுப்பறைச் சுவரிலே பல காலமாக ஒரு படம் தொங்குகின்றது. நாட்காட்டியொன்றிலிருந்து வெட்டியெடுத்துச் சட்டமிட்ட படம். நெடிய மதிலும், அதன்மேல் வளைந்த கூரையுடைய வாயில்மாடமும் அதிற் காணப்படும். "இந்த வாயிலாலேதான் பாகியன் வெளிக்கிட்டார்" என்று சொல்லிச் சொல்லி எமக்கு வாய் பழகிவிட்டது.

சென்ற மார்கழி விடுமுறையில் அம்மதிலை நேரிலே காணும் பேறு கிடைத்தது. சாங்கானின் இன்றைய பெயர் சீயான். அநுராதபுரத்துப் பாடசாலையொன்றிற் படிப்பிக்கும் சிங்கள நண்பர் ஒருவரும் எம்முடன் வந்தார். வழிகாட்ட வாய்த்தவர் சரித்திரம் பயிலும் ஒரு சீன மாணவி.

மதில் 12 மீற்றர் உயரமானது. சுற்றளவு ஏறக்குறைய 14 கிலோமீற்றர். அதன்மேல் வாடகைச் சைக்கிளிற் சுற்றி வரலாம். குளிர்காற்று காதை அறுக்க, நாமும் சைக்கிளேறினோம். தெற்கு வாயில்மாடத்தின் அருகே இறங்கி, எமது படத்தைப் பற்றியும் பாகியனைப் பற்றியும் பெருமையோடு அம்மாணவிக்கு எடுத்துரைத்தோம். அவர் சிறிது தயங்கினார். "ஐயா, இந்த மதில் மிங் அரசர் காலத்தது, 1370ஆம் ஆண்டுகளிலே எழுந்தது" என்றார்.

கணக்குப் பார்ப்பதற்குத் தாளும் பென்சிலும் வேண்டியிருக்கவில்லை. பாகியன் போய் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளின் பின் கட்டிய மதிலால் அவரை வெளியே அனுப்பிக்கொண்டிருந்திருக்கின்றோம்! பட்டம் பெற்ற சரித்திர ஆசிரியருக்கு இது தெரிந்திருக்கவேண்டிய செய்தி. நண்பர் மதிலுக்கு வெளியே பார்வையைத் திருப்பிக்கொண்டார். சிரித்தார் என்றே நினைக்கின்றோம்.

சாங்கான் என்பது ஒரே இடத்தில் நின்ற நகரமன்று. கான் அரசர் கட்டிய பழைய நகரம் இன்றைய மதிலுக்கு வடமேற்கே கிடந்தது. பாகியன் வாழ்ந்தது அங்கேதான். 582ஆம் ஆண்டிலே சூயி வமிசத்து மன்னன் அதனைக் கைவிட்டுத் தென்கிழக்கே புதுநகர் அமைத்தான். காரணங்களுள் ஒன்று, பழைய நகரின் நிலத்தடி நீர் உவர்த்துப் போனமை. கிணறு உவர்த்தால் ஊரே கலங்கும் என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அப்புதுநகரே தாங் அரசர் காலத்திற் சுமார் 84 சதுர கிலோமீற்றர் பரப்புடைய மாநகராய் விளங்கியது. யுவான் சுவாங் புறப்பட்டதும், 645இல் ஏடுகளோடு மீண்டதும் அந்நகருக்கே. அவ்வேடுகளைக் காக்க 652இல் எழுப்பிய பெரிய காட்டுவாத்துக் கோபுரம் இன்றும் நிற்கின்றது. அதன் முன்னே அவருக்குச் சிலையும் உண்டு. 1974இல் கிணறு வெட்டிய உழவர் கண்டெடுத்த மண் போர்வீரர் படையையும் பார்த்தோம். அதைப்பற்றிப் பலரும் எழுதிவிட்டனர்.

மனம் சோர்ந்திருந்த எம்மை அன்று மாலை மாணவி முஸ்லிம் தெருவுக்கு அழைத்துச் சென்றார். சீனக் கோயிலின் சாயலிற் கட்டிய பெரிய பள்ளிவாசல் அங்கே இருக்கின்றது. நண்பர் மாமிசம் உண்பவர். அவர் முன்னே வெறுங் கோப்பையொன்றையும் கடினமான வட்ட ரொட்டியையும் வைத்தனர். ரொட்டியைக் கடலையளவு துண்டுகளாக உண்பவரே பிய்த்துக் கோப்பையில் இடவேண்டும். அதன்பின் சமையற்காரர் அதனை ஆட்டிறைச்சிச் சாற்றிலிட்டுச் சமைத்துத் தருவார். நண்பர் பசியிலே பெருந்துண்டுகளாகப் பிய்த்துக் கொடுத்தார். சமையற்காரர் கோப்பையை எட்டிப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பினார்! அரைமணி நேரம் பிய்த்த பின்னரே அவருக்கு உணவு கிடைத்தது.

நாம் சைவம் என்றறிந்து எமக்கு வேறு வகை கொணர்ந்தனர். கோதுமை மாவைப் பிசைந்து, இரு கையாலும் இழுத்துப் பலகையில் ஓங்கி அடித்து, இடுப்புப் பட்டியின் அகலத்துக்கு நீட்டுகின்றனர். பலகையில் அடிபடும் ஓசையே 'பியாங் பியாங்' என்று அவ்வுணவுக்குப் பெயராயிற்று என்பர். அப்பெயரை எழுதும் எழுத்துக்கு 50க்கு மேற்பட்ட கோடுகள் உண்டு. படிப்பிக்கும் ஆசிரியர் பாவம். அவித்த மாப்பட்டியின்மேல் மிளகாய்த்தூளையும் உள்ளியையும் குவித்து, புகையெழக் கொதிக்கும் எண்ணெயை ஊற்றுகின்றனர். சுரீர் என்று எழுந்த மணத்தில் எமது வீட்டு அடுப்படி நினைவுக்கு வந்தது. எனினும் பாகியன் இவ்வுறைப்பை அறியார். மிளகாய் சீனத்துக்கு வந்தது பதினாறாம் நூற்றாண்டிலே. எமக்கும் அது பறங்கியர் காலத்துச் சரக்கே. இறுதியிலே பேரீச்சை போன்ற செம்பழத்தோடு பசையரிசியை அவித்த இனிப்பு வந்தது. சர்க்கரைப் பொங்கலுக்குத் தம்பி என்னலாம்.

மறுநாட் காலை, பழைய சாங்கானைப் பார்த்தே தீரவேண்டுமென்று மாணவியிடம் கூறினோம். அங்கே கோபுரமுமில்லை, வாயில்மாடமுமில்லை. இடித்திறுக்கிய மண்ணால் எழுப்பிய மதிலின் மிச்சங்கள் மேடுகளாகக் கிடக்கின்றன. வெய்யாங் அரண்மனையின் பேரவை மண்டபம் இருந்த மண்மேடையொன்று குன்றுபோல் நிற்கின்றது. அதிலேறி நின்றோம். கீழே முதியவர் ஒருவர் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்.

நண்பர் அங்கேதான் வாய் திறந்தார். அபயகிரிக்கு மாணவரை அழைத்துச் செல்லும் ஒவ்வொரு முறையும் தாம் கூறும் செய்தியொன்றைக் கூறினார். பாகியனோடு புறப்பட்ட தோழருட் சிலர் வழியில் இறந்தனர்; சிலர் பாரதத்திலே தங்கினர். தனித்தவராய் அபயகிரி விகாரையிற் பச்சைக்கல்லாலான புத்தர் படிமத்தின் முன் நின்றபோது, வணிகனொருவன் சீனத்து வெண்பட்டு விசிறியொன்றைக் காணிக்கையாக வைத்ததைக் கண்டார். கண்ணீர் பெருகிற்று என்று அவரே எழுதி வைத்திருக்கின்றார்.

அக்கதையை நாமும் படிப்பித்திருக்கின்றோம். ஆயினும் அம்மண்மேட்டில் நின்று கேட்டபோதுதான் மற்றொன்று நெஞ்சில் தைத்தது. சீனத்துக்குத் திரும்பிய பாகியன் சாங்கானுக்கு வர விரும்பியும் வரவில்லை. ஏடுகளை மொழிபெயர்க்கும் பணி அவரைத் தெற்கே நான்கிங்குக்கு இழுத்துச் சென்றது. தெற்கிலேயே காலமானார். இந்த மண்ணை அவர் மறுபடி மிதிக்கவேயில்லை. அந்நியதேசங்களிலிருக்கும் எம் உடன்பிறந்தார் இருவரை நினைத்துக்கொண்டோம். நண்பரும் நாமும் நெடுநேரம் பேசவில்லை.

தை மாதம் பாடசாலை தொடங்கியதும், இத்தனை காலம் தவறாகப் படிப்பித்துவிட்டோம் என்று வகுப்பிற் சொன்னோம். பிள்ளைகளுக்கு அது பெருமகிழ்ச்சியாயிருந்தது. பழைய படத்தை அகற்றிவிட்டு, அம்மண்மதிலின் புகைப்படத்தை அவ்விடத்தில் மாட்டினோம். முன்வாங்கிலிருந்த சிறுவன் அதனை நெடுநேரம் உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இது எந்தக் குளத்துக் கட்டு, சேர்?"