குருதியில் ஓர் அரிவாள்

காவிரி வளநாட்டில் வாழும் நமக்கு அரிவாள் என்றதும் தை மாத அறுவடைதான் நினைவுக்கு வரும். அக்கருவியின் பெயரால் ஒரு நோய் வழங்குவதை நம்மில் பலர் அறியோம். வட்டமாயிருக்க வேண்டிய செங்குருதியணு அரிவாள்போல் வளைந்துவிடுவதால் அதனை 'அரிவாள் அணுச் சோகை' என்பர். இயல்பான அணு ஏறத்தாழ 120 நாள் வாழும். வளைந்த அணுவோ 10 முதல் 20 நாட்களில் அழியும். அது நுண்ணிய குருதிக்குழாய்களை அடைக்கும்போது எலும்பினுள் எழும் வலி சொல்லுந்தரமன்று.

நீலகிரி மலைவாழ் மக்களின் குருதியில் இவ்வணுவைக் கண்டு, லேமன், கட்புஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் 1952-இல் உலகுக்கு அறிவித்தனர். அம்மலையில் பிறக்கும் மோயாறு பவானியோடு கலக்கிறது. பவானி காவிரியோடு கலக்கிறது. அந்நீரும் சேர்ந்து பாய நெல் விளைக்கும் நாம், அம்மக்களின் நோவை மட்டும் அயலார் நோவென்று கருதலாமோ?

இதற்குச் செய்யத்தக்கவை அரியவையல்ல. குழந்தைப் பருவத்திலேயே குருதிச் சோதனை, தொற்றைத் தடுக்கும் ஊசியும் பென்சிலினும், வலியின் வரவைக் குறைக்கும் ஹைட்ராக்சியூரியா, தேவைப்படும்போது குருதி ஆகியன காலத்தில் கிடைத்தால் வாழ்நாள் நீளும். கூடலூரில் 1990-இல் தோன்றிய அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையில் பழங்குடிப் பெண்களே செவிலியராகப் பயின்று தம் மக்களைப் பேணுகின்றனர். இந்நோயை 2047-க்குள் ஒழிக்கும் இயக்கத்தை நடுவணரசு 2023 சூலை 1-இல் தொடங்கியது.

ஆயினும் மருந்தால் மட்டும் தீராத தடைகள் இரண்டுண்டு. புறத்தே புண் தெரியாமையால் நோயாளியின் வலியை நடிப்பென்று எண்ணுவது ஒன்று, நாணம் மற்றொன்று. தாய் தந்தை இருவரும் இக்கூற்றைச் சுமந்தால் ஒவ்வொரு மகவுக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. தலசீமியாவுக்கும் இதே கணக்குத்தான். சொந்தத்திலேயே பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும். திருமணப் பேச்சில் குருதிச் சோதனை என்றதும், "எங்கள் வீட்டுப் பெண்ணிடம் என்ன குறை கண்டீர்கள்?" என்று வெகுள்வோரை நாம் கண்டிருக்கிறோம். சோதனை குறை காண்பதன்று. பிறக்கவிருக்கும் மழலையின் வலியை முன்னரே காப்பதாகும்.

இதனை எடுத்துரைக்கப் பெரியோர்களின் ஒரு சொல் போதும். மாணவர்களோ குருதிக்கொடை அளிக்கலாம். வலியென்று வருவோரின் சொல்லை நம்பலாம். நம்புவதும் மருத்துவமே.