கணக்குப் புத்தகத்தைச் சுமந்தவர்

கடந்த மாதம் கொழும்பில் ஒரு பிரியாவிடைக் கூட்டத்திற்குச் சென்றிருந்தேன். பேராதனையில் என்னோடு படித்த நண்பர் ஒருவர், கலை நிறுவனமொன்றின் முகாமையாளர் பொறுப்பிலிருந்து கால் நூற்றாண்டுக்குப் பின் விலகுகின்றார். அந்நிறுவனத்தின் நாடகங்களைப் பற்றி நான் பத்திரிகையில் நிறையவே எழுதியிருக்கிறேன். நெறியாளர், நடிகர், ஒளியமைத்தவர் எல்லோரது பெயரும் அவற்றில் உண்டு. இவருடைய பெயர் ஒன்றில்கூட இல்லை என்பது, என்னையும் இரண்டு வார்த்தை பேசச் சொன்னபோதுதான் உறைத்தது.

ஒரு நாடகம் மேடையேறுவதற்கு முன் மண்டபத்திற்கு முற்பணம் கட்ட வேண்டும். பிரதியைத் தணிக்கைச் சபையிடம் கொடுத்து அனுமதி பெற வேண்டும். கேளிக்கை வரிக்காக மாநகர சபையின் படியேற வேண்டும். நாடகம் முடிந்து நாங்கள் தேநீரோடு விமர்சனம் பேசிக்கொண்டிருக்கையில், அவர் நுழைவுச்சீட்டின் அடிக்கட்டைகளை எண்ணிக்கொண்டிருப்பார்.

கொழும்பின் லயனல் வென்ட் அரங்கை அறியாத கலை ஆர்வலர் இலங்கையில் இல்லை. 1956 நவம்பரில் சரச்சந்திரவின் ‘மனமே’ முதலில் மேடையேறியது அங்கேதான். 1944இல் காலமான வென்டின் நினைவாக, அவருடைய நண்பர் ஹரோல்ட் பீரிஸ் முன்னின்று நிதியமொன்றை நிறுவி எழுப்பிய அரங்கு அது; 1953இல் திறக்கப்பட்டது. இலாபம் கருதாத நிதியமொன்றின் பொறுப்பில் அது இத்தனை காலம் நிலைத்திருக்கிறது. ‘மனமே’யைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய எங்களில் எத்தனை பேர், அந்த விளக்குகள் எரிவதற்குக் கட்டணம் செலுத்தியவர்களைப் பற்றி எழுதினோம்?

என் பங்கிற்கு நான் செய்தது இன்னும் மோசமானது. 2002இன் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின் சமாதானத்தின் பெயரால் வெளிநாட்டு நிதி தாராளமாக வந்தது. கொடையாளரின் விருப்பத்திற்கேற்ப நாடகங்கள் தயாராவதைக் கண்டு, ‘டொலர் நாடகங்கள்’ என்று கேலியாக ஒரு பத்தி எழுதினேன். மறுநாள் நண்பர் தொலைபேசியில் வந்தார்.

“மச்சான், நீ எழுதினது முழுக்கப் பிழையெண்டு சொல்லமாட்டன். ஆனா அந்தக் காசிலதான் ஆறு பேருக்கு மாதாமாதம் சம்பளம் குடுக்கிறன். அதில ரெண்டு பேர் வேற நல்ல நாடகம் எழுதிக்கொண்டிருக்கினம். அதுக்கு ஆர் காசு தருவினம்?”

பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை. கொடையாளர் நிதியில் ஆபத்து உண்டென்பதை இன்றும் நம்புகிறேன். திட்டம் முடியும் நாளில் கலையும் முடிந்துவிடுகிறது. அந்த ஆபத்தை என்னைவிட அவர் நன்றாக அறிந்திருந்தார். திட்ட நிதியில் ஒவ்வொரு முறையும் சிறு தொகையை நிர்வாகச் செலவென்று கேட்டுப் பெற்று, விளக்குகளும் ஒலிபெருக்கிகளும் சொந்தமாக வாங்கிவைத்தார். 2009இல் போர் முடிந்தபின் கொடையாளரின் கவனம் வேறு திசைகளுக்குத் திரும்பியது. அப்போது அந்த விளக்குகளை வாடகைக்குவிட்டே நிறுவனத்தின் கதவு திறந்திருந்தது. 2020இல் பெருந்தொற்று அரங்குகளை மூடியது. 2022இல் மின்வெட்டும் எரிபொருள் வரிசையும் வந்தன. அவ்விரு காலங்களிலும் தன் சம்பளத்தைப் பாதியாக்கிக்கொண்டு, அலுவலக உதவியாளரின் சம்பளத்தை அவர் குறைக்கவில்லை என்பதைக் கூட்டத்தில் பேசிய அந்த உதவியாளர் சொல்லித்தான் அறிந்தேன்.

என் முறை வந்தபோது, அந்தப் பழைய பத்திக்காக எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தேன். அவர் தலையைக் குனிந்தபடி சிரித்தார்.

வெளியே வந்தபின், “இம்முறையாவது உன் பெயரைப் போட்டு எழுதட்டுமா?” என்று கேட்டேன்.

“வேண்டாம் மச்சான். கணக்காய்வு அறிக்கையில என்ர பெயர் ஒவ்வொரு வருசமும் வந்தது. அது காணும்” என்றார்.