வடகடலோரம் – 3: இருட்டில் ஓடும் தபால் பாதை

நார்வேயின் போடோ துறைமுகத்தை விட்டு மதியம் மூன்று மணிக்குக் கிளம்பியதும் வெஸ்ட்ஃபியோர்டைக் கடக்க வேண்டும். அதுவரை கப்பல் தீவுகளுக்கும் கரைக்கும் நடுவே, காற்றுக்கு ஒதுங்கி ஒதுங்கியே வந்தது. இங்கே அந்த மறைப்பு இல்லை. திறந்த கடல். கப்பல் ஆட ஆரம்பித்ததுமே சாப்பாட்டுக் கூடத்தில் கண்ணாடிக் கோப்பைகளை எடுத்து உள்ளே வைத்துவிட்டார்கள். "நீ படுத்துக்கோம்மா, நான் மேலே போய்ப் பார்த்துட்டு வரேன்" என்றார் என் கணவர். மூட்டுவலிக்காரரைத் தனியே மேல்தளத்துக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு இரண்டு பேருமாகவே போனோம்.

எதிரே லோஃபோட்டன் தீவுகள். ஒன்றின் பின்னால் ஒன்றாக நிற்பதால் தூரத்திலிருந்து பார்க்கும்போது இடைவெளியே தெரிவதில்லை. அக்டோபர் மாதம்; சிகரங்களில் முதல் பனி விழுந்துவிட்டது. கீழே, தண்ணீரை ஒட்டிய சரிவுகளில் பிர்ச் மரங்கள் கடைசி மஞ்சள் இலைகளோடு நின்றன. இவ்வளவு வடக்கே சூரியன் நேராக இறங்குவதில்லை. அடிவானத்தை உரசிக்கொண்டு சாய்வாக நழுவிப்போகிறது. அதனால் அந்தி நேரம் நீண்டுகொண்டே போகிறது. பாறைகள் செம்மண் நிறத்திலிருந்து ஊதாவுக்கு மாறி, ஊதாவிலிருந்து கருநீலத்துக்கு மாறி முடிக்கும்வரை நாங்கள் அங்கேயே நின்றிருந்தோம்.

இலையுதிர்காலத்தில் ஏன் போகிறீர்கள், கோடையில் போனால் இரவிலும் சூரியனைப் பார்க்கலாமே என்று கிளம்பும்போது எல்லோரும் கேட்டார்கள். இந்தக் கடற்கரையைப் புரிந்துகொள்ள இருட்டு வேண்டும் என்பதே இப்போது என் பதில். செப்டம்பர் கடைசியிலிருந்து ட்ரோம்சோ பக்கத்தில் பகல் நாளொன்றுக்கு எட்டு, ஒன்பது நிமிடம் குறைந்துகொண்டே வருகிறது. நவம்பர் கடைசியில் சூரியன் மறைந்தால் ஜனவரி நடுவில்தான் திரும்ப எட்டிப் பார்க்கும். அந்த இருட்டை எதிர்பார்த்து மனிதர்கள் என்னென்ன ஏற்பாடு செய்துகொள்கிறார்கள் என்பதை அக்டோபரில்தான் பார்க்க முடியும்.

ஸ்வோல்வேரில் இரவு ஒன்பது மணிக்கு இறங்கி நடந்தோம். தெருவிளக்கு வெளிச்சத்தில் மீன் உலர்த்தும் மரச்சட்டங்கள் காலியாக நின்றன. பேரண்ட்ஸ் கடலிலிருந்து காட் மீன்கள் முட்டையிடக் குளிர்காலத்தில் லோஃபோட்டனுக்கு வருகின்றன. பிடித்த மீனைத் தலை கொய்து, வால் பக்கம் இரண்டிரண்டாகக் கட்டி, பிப்ரவரியிலிருந்து மே வரை இந்தச் சட்டங்களில் தொங்க விடுகிறார்கள். நம் கருவாட்டுக்கு உப்பும் வெயிலும் வேண்டும். இதற்கு இரண்டும் வேண்டாம். குளிரும் காற்றுமே போதும். ரொம்பக் குளிர்ந்தால் மீன் உறைந்து கெடும், கொஞ்சம் சூடேறினால் புழு வைக்கும். உறைநிலையை ஒட்டியே மாதக்கணக்கில் நிற்கும் இந்த ஊர்ச் சீதோஷ்ணம் மீனுக்கென்றே அளந்து வைத்தது. மீன் இத்தாலிக்கும், காய்ந்த தலைகள் நைஜீரியாவுக்கும் போகின்றன. அங்கே அவை குழம்புக்குச் சுவையூட்டுகின்றன.

இனி இந்தப் பாதை பிறந்த கதை. இதைச் சொல்வதற்கென்றே இந்த வாரப் பகுதியை ஒதுக்கி வைத்திருந்தேன்.

என் கணவர் ஆர்.எம்.எஸ்.ஸில் வேலை பார்த்தவர். எழும்பூரிலிருந்து தெற்கே போகும் ரயில்களில், ஓடுகிற மெயில் வேனில் நின்றபடி ராத்திரி முழுக்கக் கடிதம் பிரித்தே வாழ்க்கையின் பாதியைக் கழித்தவர். விழுப்புரம் வருவதற்குள் விழுப்புரம் பை கட்டி, அரக்கு வைத்துத் தயாராக இருக்க வேண்டும். ரயில் நிற்பது சில நிமிடம். பை இறங்காவிட்டால் ஒரு ஊருக்கே அன்றைக்குக் கடிதம் இல்லை. நார்வே போகலாம் என்று அவர் தேர்ந்தெடுத்ததற்கும் இதுவே காரணம். உலகத்தில் எத்தனையோ உல்லாசக் கப்பல்கள் இருக்க, இந்த ஹுர்டிக்ரூட்டன் பாதை தபாலுக்காகப் போட்ட பாதை என்று எங்கோ படித்திருந்தார்.

1890-களின் தொடக்கத்தில் ட்ரோண்ட்ஹெய்மில் போட்ட கடிதம் வடக்கே ஹம்மர்ஃபெஸ்ட் போய்ச் சேர, கோடையில் மூன்று வாரம் ஆகும். குளிர்காலத்தில் ஐந்து மாதம்கூட ஆகும். நார்வே அரசு வருடம் முழுவதும் ஓடும் விரைவுக் கப்பல் ஒன்று வேண்டும் என்று கேட்டது. பெரிய கம்பெனிகள் இரண்டும் கையை விரித்துவிட்டன. ட்ரோண்ட்ஹெய்முக்கு வடக்கே மொத்தம் 28 கலங்கரை விளக்கங்களே இருந்தன. ஆயிரக்கணக்கான பாறைகளும் திட்டுகளும் நிறைந்த கடல். நம்பத்தக்க வரைபடமும் சொற்பம். இருட்டில் இங்கே கப்பல் விடுவது தற்கொலை என்பதே பொது அபிப்பிராயம்.

வெஸ்டரோலன் தீவுகளில் சின்னதாக ஒரு கப்பல் கம்பெனி நடத்திவந்த ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் மட்டும் முடியும் என்றார். அவரும் அவருடைய வழிகாட்டி மாலுமி ஆண்டர்ஸ் ஹோல்தேயும் அதற்கு முன்பே, போகிற ஒவ்வொரு பயணத்திலும் குறிப்பு எடுத்து வைத்திருந்தார்கள். எந்த முனையிலிருந்து எந்தத் திசை, என்ன வேகம், எத்தனை நிமிடம் கழித்துத் திரும்ப வேண்டும் என்று எல்லாம் அதில் இருந்தது. கண்ணுக்கு எதுவுமே தெரியாவிட்டாலும், திசைகாட்டியும் கடிகாரமும் இருந்தால் அந்தக் குறிப்பை வைத்துக் கப்பலை ஓட்டிவிடலாம். 1893 ஜூலை 2 அன்று காலையில் 'வெஸ்டரோலன்' என்ற நீராவிக் கப்பல் ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து கிளம்பியது. 67 மணி நேரத்தில் ஹம்மர்ஃபெஸ்டில் நின்றது. மூன்று வாரக் கடிதம் மூன்றாம் நாளில் போய்ச் சேர்ந்தது. 1898-ல் பாதை தெற்கே பெர்கன் வரை நீண்டது. இன்று பெர்கனிலிருந்து கிர்க்கெனஸ் வரை 34 துறைமுகங்கள். வருடம் முழுவதும் கப்பல்கள் போய் வந்துகொண்டிருக்கின்றன.

இதை நான் படித்துச் சொல்லக் கேட்டதும் என் கணவர் வெகுநேரம் எதுவும் பேசவில்லை. பிறகு, "நோட்டுப் புத்தகம்தாம்மா வேலை. மத்ததெல்லாம் அப்புறம்தான்" என்றார். மெயில் வேனில் விளக்கு அணைந்துபோன ராத்திரிகளில் எந்த ஊருக்கு எந்த அறை என்று கை தானாகப் போகும் என்று அவர் முன்பே எனக்குச் சொல்லியிருக்கிறார். கேப்டன் வித்தை அவரைவிட நன்றாகப் புரிந்துகொண்டவர் அந்தக் கப்பலில் யாரும் இருந்திருக்க மாட்டார்கள்.

கடிதங்கள் விமானத்துக்கு மாறிப் பல காலமாகிவிட்டது. ஆனால் சரக்கு இன்னும் கப்பலில் போகிறது. மறுநாள் ட்ரோம்சோவில் இறங்கி மாலை திரும்ப ஏறிக்கொண்ட பிறகு, இரவு பத்தரை மணி வாக்கில் ஷெர்வோய் என்ற சின்ன ஊர் வந்தது. பாதிப் பேர் தூங்கப் போய்விட்டார்கள். நாங்கள் தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே பார்த்தோம். கப்பல் பக்கவாட்டில் ஒரு பெரிய கதவு திறந்தது. ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிய பெண் விறுவிறுவென்று பலகைகளை இறக்கினாள். ரொட்டிப் பெட்டிகள், ஒரு வாஷிங் மெஷின், பிளாஸ்டிக் சுற்றிய கார் டயர்கள் எட்டோ பத்தோ. வடக்கு மாவட்டங்களில் அக்டோபர் 16-லிருந்து ஆணி பதித்த குளிர்கால டயர் போட்டுக்கொள்ள அனுமதி உண்டு என்று பக்கத்தில் நின்ற நார்வேக்காரர் விளக்கினார். பள்ளிக்கூடப் பையோடு ஒரு பையன் இறங்கினான். விளக்குக் கம்பத்தடியில் கார் ஓடிக்கொண்டிருக்க, அவன் தாத்தா கதவைத் திறந்து பிடித்தார். கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. கதவு மூடியது, கயிறு அவிழ்ந்தது, கிளம்பிவிட்டோம். மலைச்சிகரங்களைவிட அந்தக் கால் மணி நேரம்தான் எனக்குப் பெரிதாகப்பட்டது. ஒரு ஊருக்கு என்ன வேண்டும் என்பதைக் கப்பலின் கதவு வழியாகவே பார்த்துவிடலாம்.

அன்று நள்ளிரவு தாண்டி அறைக்குள் ஒலிபெருக்கி பேசியது: வட துருவ ஒளி தெரிகிறது. அவருக்கு ஷூ மாட்டிவிட்டு, கையைப் பிடித்து மேலே கூட்டிப்போனேன். தளத்தில் விளக்குகளை மங்கலாக்கியிருந்தார்கள். முதலில் வெறும் சாம்பல் நிற மேகம். படத்தில் பார்த்த பச்சை எங்கே என்று ஏமாற்றமாகவே இருந்தது. கண் இருட்டுக்குப் பழகப் பழக அந்த மேகம் மெல்ல அசைந்தது, கீழ் ஓரத்தில் பச்சை ஏறியது, பிறகு திடீரென்று தலைக்கு மேல் முழுக்கப் பரவிச் சுருண்டு விரிந்தது. சூரியனிலிருந்து வரும் துகள்கள், தரையிலிருந்து நூறு கிலோமீட்டருக்கு மேலே ஆக்ஸிஜனில் மோதி எழுப்பும் நிறம் அது. இரவும் பகலும் சமமாகும் நாட்களை ஒட்டிப் பூமியின் காந்தப்புலம் அதிகம் கலங்குகிறது. அதனால் செப்டம்பர், அக்டோபரில் இது தெரிய வாய்ப்பு கூடுதல். இவ்வளவும் தெரிந்திருந்தும் நான் அழுதேன். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஹம்மர்ஃபெஸ்டில் விடிவதற்கு முன்பே இறங்கினோம். 1891-லேயே தெருக்களுக்கு மின்விளக்கு போட்ட ஊர் இது. அந்தப் பழைய ஊரில் இன்று மிஞ்சியிருப்பது கல்லறைத் தோட்டத்துச் சிறு தேவாலயம் மட்டுமே. 1944 இலையுதிர்காலத்தில் சோவியத் படை நெருங்கியபோது பின்வாங்கிய ஜெர்மானியர்கள் ஃபின்மார்க் மாவட்டம் முழுவதையும் கொளுத்திக்கொண்டே போனார்கள். ஏறத்தாழ 50,000 பேரை வீட்டை விட்டு வலுக்கட்டாயமாகக் கிளப்பினார்கள். போகாமல் குகைகளிலும் கவிழ்த்த படகுகளுக்கு அடியிலும் குளிர்காலத்தைக் கழித்தவர்களும் உண்டு. இந்தப் பக்கத்தில் எந்த ஊரில் இறங்கினாலும் வீடுகளெல்லாம் ஒரே வயதாகத் தெரிவதற்குக் காரணம் இதுவே.

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில் உச்சியில் உருண்டை வைத்த ஒரு தூண் நிற்கிறது. பூமியின் வடிவத்தையும் அளவையும் கண்டறிய, 19-ஆம் நூற்றாண்டில் ஸ்ட்ரூவ என்ற வானியலாளர் கருங்கடல் பக்கத்திலிருந்து நடத்திய 2,820 கிலோமீட்டர் அளவீட்டின் வடக்கு முனை அது. அதே கேள்விக்காக 1802-ல் லாம்டன் என்ற நில அளவையாளர் சென்னைப் பரங்கிமலை அடிவாரத்தில் சங்கிலி போட்டு அளக்கத் தொடங்கினார். சென்னையில் வாழ்நாளைக் கழித்துவிட்டு இங்கே வந்து நின்ற எனக்கு அந்தத் தூணைத் தொட்டுப் பார்க்க ஆசை. கப்பல் நிற்கும் நேரம் போதவில்லை.

ஹம்மர்ஃபெஸ்டைத் தாண்டி வரும் ரோல்வ்சோய் கடலில், 1941 செப்டம்பரில் ரிச்சர்ட் வித்தின் பெயரையே வைத்திருந்த தபால் கப்பலை பிரிட்டிஷ் நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தாக்கி மூழ்கடித்தது. பயணிகளும் மாலுமிகளுமாகப் பலர் செத்தார்கள். அந்த இடத்தைக் கடந்தபோது தண்ணீர் அமைதியாகவே இருந்தது. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். நார்த் கேப் முனையைப் பற்றி எல்லோரும் எழுதியாகிவிட்டது. 307 மீட்டர் செங்குத்துப் பாறை, அதன் மேல் இரும்பு உருண்டை, பேருந்து பேருந்தாக மனிதர்கள். பார்த்தோம், வந்தோம்.

சாயங்காலம் ஷோல்லெஃபியோர்டில் ஏறிய ஓர் அம்மாள், நாங்கள் பேசுவதைக் கேட்டுவிட்டு எங்கள் மேஜைக்கே வந்தார்.

"நீங்கள் தமிழோ? எங்கை இருந்து வாறியள்?"

பருத்தித்துறைக்காரர். ஐம்பத்தைந்து வயது இருக்கலாம். 1980-களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் ஃபின்மார்க் மீன் ஆலைகளுக்கு வேலைக்கு வந்தார்கள் என்று படித்திருக்கிறேன். அப்படி ஒருவரை நேரில் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. மீனை வெட்டித் துண்டுபோடும் வரிசையில் நின்றே பிள்ளைகளைப் படிக்க வைத்திருக்கிறார். போட்ஸ்ஃபியோர்டில் இருக்கும் மகளைப் பார்க்கப் போகிறார்.

"பனிக்காலத்திலை ரோட்டைப் பூட்டிப்போடுவினம் ஐயா. அப்ப எங்களுக்கு இந்தக் கப்பல்தான்" என்றார் என் கணவரிடம்.

"இருட்டு கஷ்டமா இல்லையாம்மா?" என்று கேட்டேன்.

"இருட்டு பழகிப்போச்சுது. காத்துத்தான் இன்னும் பழகேல்லை."

கப்பல் சரியான நேரத்துக்கு வருமா என்று என் கணவர் விசாரித்தார். தொழில் பழக்கம் போகுமா? அந்த அம்மாள், கடும் புயல் அடித்தால் கப்பல் துறைக்குள் நுழையாமல் நேரே போய்விடும், மற்றபடி வந்துவிடும் என்றார். ஒருமுறை அவருடைய கணவர் இறக்க வேண்டிய ஊரில் இறங்க முடியாமல் அடுத்த துறைமுகம் வரை போய், மறுநாள் எதிர்க்கப்பலில் திரும்பினாராம். "எங்க காலத்துலயும் பை இப்படித்தான் அடுத்த ஸ்டேஷன்ல இறங்கி, எதிர் வண்டியில திரும்பி வரும்" என்று என் கணவர் ஆரம்பித்தார். இரண்டு பேரும் பேசி முடிக்க நள்ளிரவாகிவிட்டது. போட்ஸ்ஃபியோர்டில் மகளும் பேரப்பிள்ளையும் கரையில் நின்றிருந்தார்கள். அந்தக் குழந்தை நார்வே மொழியிலும் தமிழிலும் மாறி மாறிக் கூப்பிட்டது.

அதற்கடுத்து வார்டோ, வாட்சோ. காலை ஒன்பது மணிக்குக் கிர்க்கெனஸ். ரஷ்ய எல்லை அங்கிருந்து கொஞ்ச தூரமே. கப்பல் அங்கே திரும்பித் தெற்கே போகத் தொடங்குகிறது. வரும்போது இருட்டில் கடந்த ஊர்களைத் திரும்பும்போது பகலில் பார்க்கலாம் என்பதால் நாங்கள் இறங்கவில்லை. ரிச்சர்ட் வித்தின் கம்பெனி இருந்த ஸ்டோக்மார்க்னஸில், கரையேற்றி வைத்திருக்கும் பழைய தபால் கப்பலைப் பற்றி அடுத்த வாரம்.