எடைக்கு வந்த வாத்தியார்!

மாதவரம்னா பால் பண்ணைதானே ஞாபகம் வரும்? எனக்கு இனிமே காயலான் கடைதான்! கன்டெய்னர் லாரிகளுக்கு ஒதுங்கி நுழைந்தால், தராசின் மேல் பெயரே இல்லாத ஒரு கீபோர்டுப் பெட்டி. மேல் வரிசையில் 10 சிவப்பு பட்டன்கள். திறந்தால் '6502' சிப். அட, பி.பி.சி. மைக்ரோ! 1984-ல் மத்திய அரசின் 'கிளாஸ்' திட்டத்தில் நம்ம பள்ளிகளுக்கு வந்த இங்கிலாந்து கம்ப்யூட்டர். மெமரி வெறும் 32 கே.பி!

எடை போட்டு வாங்கினேன். அப்படியே ஸ்விட்ச் போட்டால் பவர் சப்ளையின் பழைய கெபாசிட்டர் புகைந்துவிடும். அதை மாற்றி, கடைக்கே கொண்டுபோய் டி.வி-யில் மாட்டினேன். 'பூ... பீப்!' உயிர் வந்துடுச்சு!

"எங்க ஸ்கூல்ல இதைத் தொடவே விடல தம்பி" என்ற கடைக்கார அண்ணன், தயங்கித் தயங்கித் தன் பெயரை அடித்து 'ரிட்டர்ன்' தட்டினார். 'மிஸ்டேக்' என்றது திரை.

"தராசுல வெச்சேன்ல... அதைச் சொல்லுது!"