ஈ உட்கார்ந்தாலே தெரியும்



என் மகள் புதுச்சேரியில் வங்கி வேலையில் இருக்கிறாள். வயது 36. சின்ன வயதில் குதிரை ஏற ஆசைப்பட்டாள். "முதலில் கணக்கைப் பார்" என்று அதட்டியவன் நான். இப்போது அவளே இடம் தேடினாள். சில இடங்களில் பிள்ளைகளுக்குத்தான் வகுப்பு. சில இடங்களில் அவள் வேலைநேரத்தில் வகுப்பு. கடைசியில் ஆரோவில் ரெட் எர்த் குதிரையேற்றப் பள்ளியில் ஞாயிறு காலை இடம் கிடைத்தது.

போன வாரம் நீடாமங்கலத்திலிருந்து நானும் போய் வேலியோரம் நின்றேன். அவள் கற்பது டிரஸ்ஸாஜ். பந்தயம் இல்லை, சொன்னபடி குதிரையை நடக்க, திரும்ப, நிற்க வைக்கும் கலை. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் நம் அணி தங்கம் வாங்கியதே, அதுதான். மைதானத்தைச் சுற்றி ஏ, கே, இ, எச் என்று எழுத்துப் பலகைகள். வரிசை தப்பாக இருக்கிறதே என்றது வாத்தியார் புத்தி. உலகம் முழுக்க அப்படித்தானாம்.

மகள் குதிகாலால் ஓங்கித் தட்டினாள். குதிரை அசையவில்லை. பயிற்சியாளர் சொன்னார்: "ஈ உட்கார்ந்தாலே அதுக்குத் தெரியும்மா. காலை லேசா அழுத்துங்க, போதும்." அழுத்தினாள். நடந்தது.

34 வருடம் பிரம்போடு வகுப்புக்குப் போனவன் நான். சொல் பேச்சு கேட்காதவன் என்று முடிவு கட்டிய எந்தப் பிள்ளையிடமாவது ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேனா?

என்னிடம் படித்தவர்கள் இதைப் படித்தால், மன்னித்துக்கொள்ளுங்கள். மகளிடம் நேரில் சொல்லிவிட்டேன். "அடுத்த வாரமும் வாங்கப்பா" என்றாள்.